கேட்டால் மட்டும் சொல்லவும்

கும்மிடிப்பூண்டி பஜாரில், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சோனியா எட்டு வருடம் வேலை பார்த்தாள். சிப்காட் கம்பெனிகளில் கையைக் கிழித்துக்கொண்டு வருகிறவன், கண்ணில் இரும்புத் தூள் விழுந்தவன், நைட் ஷிப்ட் முடித்துக் காய்ச்சலோடு படியேறுகிறவன் எல்லோருக்கும் அவள்தான் சிஸ்டர். குழந்தையின் கையில் நரம்பு அகப்படாவிட்டால் டாக்டரே, "சோனியாவக் கூப்புடு" என்பார். அவள் வந்து, பிஞ்சுக் கையை இரண்டு தட்டுத் தட்டி, ஒரே குத்தில் ஊசியை ஏற்றிவிட்டுப் பேசாமல் போய்விடுவாள்.

ஆனால் அவள் படித்தது பிளஸ் டூவும் ஆறு மாதப் பயிற்சியும்தான். நர்சிங் கவுன்சிலில் பதிவு கிடையாது. எட்டாவது வருடம், டிப்ளமோ முடித்துப் பதிவும் வைத்திருந்த இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். குழந்தைகளுக்கு எப்படி ஊசி ஏற்றுவது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே சோனியாதான். ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் மார்பில் 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று பேட்ஜ் ஏறியது. மறுநாள் அவள் சோனியாவிடம், "அக்கா, இந்த டிரேவ கொஞ்சம் கழுவி வெச்சுடுங்க" என்றாள்.

சோனியா கழுவி வைத்தாள். சாயந்திரம் வீட்டுக்கு வந்து, ரோலிங் மில்லில் முதல் ஷிப்ட் முடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா பீட்டரிடம், "நான் படிக்கப் போறேம்பா" என்றாள்.

அம்மா கங்கம்மா உள்ளேயிருந்து வந்தாள். "இருவத்தேழு வயசுல இன்னாடீ படிப்பு? உன் தங்கச்சிக்கு ரெண்டு புள்ள ஆச்சு."

"அவளுக்கு ஆனா எனக்கு இன்னா?"

பீட்டர், "படிக்கட்டும் உடு. என்னாட்டம் சூடு வாங்காம, நிழல்ல வேல செய்யட்டும்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

மணவாள நகரைத் தாண்டி, நெல் வயலுக்கும் மனை போட்ட நிலத்துக்கும் நடுவில் இருந்த ஒரு தனியார் நர்சிங் பள்ளியில் மூன்று வருட டிப்ளமோவுக்குச் சேர்ந்தாள். ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. கூடப் படித்ததெல்லாம் பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்கள். முதல் நாள் ஒருத்தி அவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சோனியா சிரித்தாள். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு தைரியம் இருந்தது. இங்கிலீஷ் புத்தகத்தில் பின்தங்கினாலும், பேஷண்ட் பக்கத்தில் நின்றால் தன்னை அடிக்க இங்கே ஆளில்லை என்ற தைரியம்.

முதல் வருடம் அப்படித்தான் போயிற்று. பேண்டேஜ் சுற்றவும், படுக்கையில் ஆள் இருக்கும்போதே விரிப்பை மாற்றவும் எல்லாரும் அவளிடம்தான் ஓடி வந்தார்கள். அதில் ஒருத்தி நர்மதா. ஊத்துக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். நெல் போடுகிற குடும்பம். போர்வெல், டிராக்டர், வாசலில் நாலு மாடு. ஆள் ஊதினால் பறந்துவிடுவாள். முதல் வாரம் ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்கக் கூட்டிப்போனபோது, ரத்தம் தோய்ந்த பஞ்சைப் பார்த்து அப்படியே சரிந்தாள். அவளைத் தாங்கிப் பிடித்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, நாஷ்டா சாப்பிட்டாயா என்று கேட்டு, பன் வாங்கிக் கொடுத்தது சோனியா.

"அக்கா, எனக்கு இந்த வேல வருமா?" என்று கேட்டாள் நர்மதா.

"பழகிக்கினா எல்லாம் வரும்."

அந்த வருடம் முழுக்க நர்மதா "சோனியாக்கா, சோனியாக்கா" என்று பின்னாலேயே சுற்றினாள். சோனியாவுக்கும் அவளைப் பிடித்திருந்தது. தனக்குக் கீழே இருக்கிறவரைக்கும் யாரையும் பிடிக்கும்தானே.

இரண்டாம் வருடம் ஆரம்பத்தில் சிமுலேஷன் லேப் திறந்தார்கள். காக்களூர் எஸ்டேட்டில் இருந்த ஒரு கம்பெனி நன்கொடை கொடுத்ததாம். உள்ளே நிஜ ஆஸ்பத்திரி அறை மாதிரியே கட்டில், ஆக்சிஜன், மானிட்டர், அவசர மருந்து டிரே. கட்டிலில் ஒரு பொம்மை. பொம்மை என்று சொல்ல வாய் வராது. மூச்சுக்கு மார்பு ஏறி இறங்கியது, கண் சிமிட்டியது, மணிக்கட்டைத் தொட்டால் நாடி துடித்தது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. அதற்கு அந்தப்புறம் ஆசிரியை தமிழ்செல்வி மேடம் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்துகொண்டு நாடியை ஏற்றுவார், இறக்குவார். மைக்கில் பொம்மையின் குரலாகப் பேசுவார். அறைக்குள் நடப்பது எல்லாம் கேமராவில் பதிவாகும். பிறகு அதைப் போட்டுக் காட்டி, என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று பேசுவார்கள். பெண்கள் பொம்மைக்கு அலமேலு என்று பெயர் வைத்தார்கள்.

முதல் பயிற்சி சுலபமானது. வயிற்றுப்போக்கில் வந்திருக்கும் பேஷண்டுக்கு குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். சோனியா உள்ளே போனாள். கையை எடுத்தாள், கட்டினாள், தட்டினாள், ஒரே குத்து. மூன்று நிமிடத்தில் குளுக்கோஸ் இறங்கியது. வெளியே வந்தபோது, இதற்கு மேல் செய்ய என்ன இருக்கிறது என்கிற நடையோடுதான் வந்தாள்.

வீடியோவைப் போடும் முன் தமிழ்செல்வி மேடம் கேட்டார்: "சோனியா, அந்த பேஷண்ட் பேரு என்ன?"

சோனியாவுக்குத் தெரியவில்லை. "கேஸ் ஷீட்ல இருக்கும் மேடம்."

"இருக்கும். நீ பாத்தியா?"

வீடியோ ஓடியது. திரையில் வாட்டசாட்டமான ஒருத்தி உள்ளே வந்தாள். கட்டிலில் படுத்திருந்தவளின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. துவைக்கப் போட்ட துணியை இழுக்கிற மாதிரி கையை இழுத்தாள். "அம்மா வலிக்குதும்மா, இன்னா பண்ற?" என்று பொம்மை கேட்டது. பதில் சொல்லவில்லை. ஊசி ஏறியது. வந்தவள் போய்விட்டாள். எட்டு வருடமாகத் தான் இப்படித்தான் இருந்தோமா என்று சோனியாவுக்குக் காது சூடேறியது.

அடுத்து நர்மதா. "அம்மா, நான் நர்மதா. இங்க படிக்கிற பொண்ணு. உங்க பேரு சொல்றீங்களா? ரொம்ப போயிட்டுதா? நாக்கு வறண்டுகினு இருக்குதே. கையில ஒரு ஊசி போடணும்மா. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்ளோதான்." கை நடுங்கியது. முதல் குத்து தவறியது. "மன்னிச்சுக்கோம்மா, இன்னொரு தபா" என்றாள். இரண்டாவது குத்தில் ஏறியது. போகும்போது போர்வையை இழுத்துவிட்டு, கூப்பிடுகிற மணியைப் பொம்மையின் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். வகுப்பு கைதட்டியது.

இருபத்தைந்து மார்க்குக்கு நர்மதாவுக்கு இருபத்திரண்டு. சோனியாவுக்குப் பதினொன்று. குறி தவறியவளுக்கு இருபத்திரண்டு!

அன்றைக்குப் பிடித்தது வயிற்றெரிச்சல். அதற்குப் பிறகு நர்மதா எது செய்தாலும் சோனியாவின் கண்ணை உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா வீரராகவன் ஊரிலிருந்து வண்டியில் வந்து, எவர்சில்வர் தூக்கில் பலகாரம் கொடுத்துவிட்டுப் போவது உறுத்தியது. தமிழ்செல்வி மேடம் பேச்சுவாக்கில் அவள் தோளில் கை வைப்பது உறுத்தியது. அவள் இன்னும் "சோனியாக்கா" என்று ஓடிவருவதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக உறுத்தியது. மட்டம் தட்டுகிறாளோ என்று தோன்றும்.

லீவுக்கு வீட்டுக்குப் போனபோது, ஏதோ பேச்சில் நர்மதாவின் ஊர்ப் பேரையும் அவள் அப்பா பேரையும் சொன்னாள். கங்கம்மாவுக்குத் தாய்வீடு அந்தப் பக்கம். "அந்த ஊரா? அங்க கழனில நான் நாத்து நட்டுக்கிறேன்டீ. கல்யாணத்துக்கு முன்னால. வீரராகவன் அப்பா கழனினா மத்தியானம் கேவுரு கூழு ஊத்துவாங்க, நல்லா இருக்கும்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். சோனியா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அம்மா குனிந்து நட்ட கழனி. அந்த வீட்டுப் பெண் இன்றைக்குத் தன்னைவிட இரட்டை மார்க்.

நாமும் பேசிப் பார்த்தால் என்ன என்று அடுத்த பயிற்சியில் முயன்றாள். பெயர் கேட்டாள். முகத்தைப் பார்த்தாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. ஊசியை எடுத்தபோது வாயில் தானாக வந்துவிட்டது: "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்மா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த வகுப்பில் குபீரென்று சிரிப்பு. நர்மதாவின் வசனம் என்று எல்லாருக்கும் தெரியும். சுவரைத் தாண்டி அந்தச் சிரிப்பு சோனியாவுக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பில் நர்மதா சேர்ந்தாளா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. சேர்ந்தாள் என்றே வைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்தபோது, சென்னையில் நர்சிங் பள்ளிகளுக்கிடையே சிமுலேஷன் போட்டி என்று அறிவிப்பு வந்தது. ஒரு பள்ளிக்கு இரண்டு பேர். நர்மதாவும் அருணா என்ற இன்னொரு பெண்ணும் போகலாம் என்றும், சோனியா மாற்று ஆள் என்றும் மேடம் சொன்னார். இறுதியாக முடிவு செய்ய ஒரு பயிற்சி வைப்பார். ஒருத்தர் நர்ஸ், ஒருத்தர் பேஷண்டின் சொந்தக்காரர். மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

சோனியாவின் முறை முதலில் வந்தது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு. அவள் நிஜத்தில் நாலு தடவை பார்த்த விஷயம். கை தானாக ஓடியது. நன்றாகவே செய்தாள்.

அடுத்து நர்மதாவின் முறை. எலும்பு முறிவோடு வந்திருக்கும் நாற்பத்தைந்து வயதுப் பெண். டாக்டர் வலி ஊசி எழுதியிருக்கிறார். சோனியா அந்தப் பெண்ணின் அக்கா. மேடம் அவள் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார். அதில் எழுதியிருந்தது: 'கேட்டால் மட்டும் சொல்லவும் – போன வருடம் இதே ஊசி போட்டபோது தங்கைக்கு முகம் வீங்கி மூச்சு வாங்கியது.' கேஸ் ஷீட்டில் ஒவ்வாமை என்ற இடம் வெறுமனே விடப்பட்டிருந்தது. நர்ஸ் கேட்டால் தப்பித்தாள், கேட்காவிட்டால் மாட்டினாள். அதுதான் பரீட்சை.

நர்மதா உள்ளே வந்தாள். பேர் கேட்டாள். வலி எங்கே என்று கேட்டாள். பொம்மை முனகிக்கொண்டே இருந்தது. ஊசியைக் கையில் எடுத்தவள், நின்று, சோனியா பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இவங்களுக்கு இதுக்கு முன்னால எந்த ஊசினா ஒத்துக்காம போயிருக்குதா? தடிப்பு, வீக்கம், மூச்சு வாங்கறது, அந்த மாதிரி?"

கேட்டுவிட்டாள். எப்படியும் கேட்டுவிடுவாள் என்று சோனியாவுக்குத் தெரியும். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அட்டையை உள்ளங்கைக்குள் மடித்தாள்.

"இல்லம்மா," என்றாள். "அதெல்லாம் ஒன்னுமில்ல. சீக்கிரம் போடு, வலில துடிக்கிறா பாரு."

நர்மதா போட்டாள்.

ஒரு நிமிடத்தில் பொம்மைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மானிட்டரில் ரத்த அழுத்தம் இறங்கியது, நாடி எகிறியது. நர்மதா ஆளைக் கூப்பிட்டாள், ஆக்சிஜன் வைத்தாள். ஒவ்வாமையை முறிக்கிற அட்ரினலின் எடுக்க வேண்டும் என்று தெரியும். டிரேயில் கை போனது. ஆனால் பயம் பிடித்துவிட்டது. எடுத்த குப்பியைப் படிக்காமல் வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள், கீழே போட்டாள். நாலு நிமிடத்தில் அந்த மருந்து போகாவிட்டால் இதயம் நிற்கும் என்று கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தது. நின்றது. மானிட்டரில் கோடு நேராக ஓடியது. நர்மதா பொம்மையின் மார்பில் கையை வைத்து அழுத்திக்கொண்டே, "அம்மா, அம்மா" என்று அழுதாள்.

வீடியோ போட்டபோது மேடம் முதலில் சோனியாவைத்தான் பார்த்தார். "அட்டையில இருந்தத ஏன் சொல்லல?"

"பதட்டத்துல மறந்துட்டேன் மேடம்."

மேடம் ஒரு வினாடி அவளைப் பார்த்தார். "சரி. நிஜத்துலயும் சொந்தக்காரங்க மறப்பாங்க. மறைப்பாங்க. நர்மதா, நீ என்ன நெனைக்கற?"

நர்மதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தப்பு என்னுதுதான் மேடம். ஷீட்ல அந்த எடம் வெறுமனே இருந்துச்சு. நான் அக்காவ மட்டும் கேட்டேன். பேஷண்டாண்டயே ஒரு தபா கேட்டிருக்கணும். மருந்தும் லேட் பண்ணிட்டேன்."

தோற்ற இடத்திலும் அவள்தான் ஜெயித்தாள் என்று சோனியாவுக்குப் பட்டது. வகுப்பே அவளைப் பாவமாகப் பார்த்தது. ஆனால் அவசரத்தில் கை உதறியது உதறியதுதான். மறுநாள் பலகையில் பேர் ஒட்டியபோது அருணா, சோனியா என்று இருந்தது. சோனியா வீட்டுக்குப் போன் செய்தாள். "பலே," என்றார் பீட்டர். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் உரக்கச் சொல்வது போனிலேயே கேட்டது.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. பொம்மையிடம் பேசுவது சோனியாவுக்கு இன்னும் வரவில்லை. மேடம் நர்மதாவையே கூப்பிட்டு, "நீ சொல்லிக் குடு" என்றார். நர்மதா மாட்டேன் என்று சொல்லவில்லை. வகுப்பு முடிந்த சாயந்திரங்களில் இரண்டு பேரும் லேப்பில் நின்றார்கள்.

"எப்படி உனக்கு மட்டும் பேச வருது? இது பிளாஸ்டிக்குடீ" என்று ஒரு நாள் சோனியா கேட்டேவிட்டாள்.

"எங்க ஊட்ல மாட்டாண்ட பேசிக்கினே இருப்போம்கா. அதுவும் பதில் பேசாது. அது மாதிரிதான்." நர்மதா அலமேலுவின் கையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "உங்களுக்கு ஒன்னு சொல்லட்டுமா? எனக்கு உங்க மேல பொறாமைக்கா. வார்டுக்குப் போனா எல்லாரும் உங்கள சிஸ்டர்ன்றாங்க. என்ன பாப்பான்றாங்க. 'பாப்பா நீ போ, அந்தப் பெரிய சிஸ்டர வரச் சொல்லு'ன்னு ஒரு தாத்தா கைய உதறிட்டாரு. நான் இங்க வாங்கற மார்க்கு வெறும் மார்க்குதான். நீங்க நிஜம்."

இத்தனை மாதமாக சோனியா கேட்க ஏங்கிய சொல் அது. சொன்னவள் யார் என்று நினைத்தபோது அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"அதான் உட்டுடலாம்னு இருக்கேன்," என்றாள் நர்மதா.

"எத?"

"படிப்ப. அன்னிலேர்ந்து வார்டுல யாருக்குனா வலி ஊசி எழுதுனாலே கை நடுங்குதுக்கா. டிரேவ எடுத்துக்கினு பாத்ரூம் பக்கம் போயிடறேன். கேட்டுட்டுத்தான் போட்டேன், அப்பவும் செத்துப்போச்சு. நிஜத்துல ஒரு உசுர கொன்னுட்டா இன்னா பண்றது? நைனாவாண்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம வந்து கூட்டிக்கினு போறேன்னாரு."

சோனியாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. இவள் போய்விட்டால் வகுப்பில் தனக்குப் போட்டி இல்லை. இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்தோடே நடமாடினாள், நன்றாகச் சாப்பிட்டாள்கூட. மூன்றாம் நாள் அரசு ஆஸ்பத்திரி வார்டில், நர்மதா சுவரோடு சுவராக ஒதுங்கி நிற்பதைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் தண்ணீர் கேட்டுக் கையை நீட்டினாள். நர்மதா அந்தக் கையைக்கூடத் தொடவில்லை. பொம்மைக்குப் போர்வை இழுத்து விட்டவள், தாகமென்று கேட்ட மனுஷியைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தாள். சோனியாதான் போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீரராகவன் வந்துவிட்டார். ஹாஸ்டல் வராந்தாவில் நர்மதாவின் பெட்டியும் வாளியும் வெளியே வைத்திருந்தது. சோனியா மாடியிலிருந்து ஓடி இறங்கி வந்தாள்.

"நர்மதா, ஒரு நிமிசம். தனியா."

"சும்மா சொல்லுங்கக்கா. நைனாதானே."

சோனியா அவரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "அன்னிக்கு அட்டையில எழுதியிருந்துச்சு. ஊசி ஒத்துக்காதுன்னு. நீ கேட்ட. நான் இல்லன்னு சொன்னேன்."

"மறந்துட்டேன்னீங்க."

"மறக்கல."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான். நீ தோக்கணும்னு."

வீரராகவன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இன்னாம்மா இது... நாலு பேரு உசுர காப்பாத்தப் படிக்கற பொண்ணு..." என்றார்.

நர்மதா அழவில்லை, திட்டவும் இல்லை. குனிந்து பெட்டியைத் தூக்கினாள். "நைனா, நீ போ. நான் வரல." படி ஏறினவள் பாதியில் நின்று திரும்பினாள். "மேடமாண்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

"இன்னிக்கே சொல்லிடுங்க, சோனியா சிஸ்டர்." அக்கா என்ற சொல் அன்றோடு போயிற்று. பிறகு திரும்பி வரவே இல்லை.

தமிழ்செல்வி மேடம் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவர் வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார். கத்துவார் என்று சோனியா எதிர்பார்த்தாள். அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் கஷ்டமாக இருந்தது.

"அன்னைக்கே எனக்கு சந்தேகம். கேக்காம விட்டது என் தப்பு," என்றார். "போட்டிக்கு நீ இல்ல. வருஷம் முடியற வரைக்கும் லேப்ல நர்ஸா நிக்கக்கூடாது. அலமேலுவ தொடச்சு, தயார் பண்ணி வெக்கறது உன் வேலை. அப்புறம் சொந்தக்காரங்க அட்டை எழுதறதும். எட்டு வருஷம் பாத்திருக்கற இல்ல, யார் யார் என்னென்ன பொய் சொல்வாங்கன்னு? எழுது."

பீட்டரிடம் போட்டிக்குப் போகவில்லை என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன சொன்னார் என்று அவளும் கேட்கவில்லை.

நர்மதாவும் அருணாவும் சென்னைக்குப் போய் இரண்டாம் பரிசு வாங்கி வந்தார்கள். கோப்பையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நிற்கிற போட்டோவை வாசலில் மாட்டினார்கள். லேப்புக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போக வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் வயிற்றெரிச்சல் தணிந்துவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். தணியவில்லை. ஒவ்வொரு தடவையும் போட்டோவில் நர்மதா நிற்கிற இடத்தில் கண் போய் நின்றது.

ஆனால் அட்டை எழுத உட்கார்ந்தபோது அவளே எதிர்பாராத ஒன்று நடந்தது. நர்சிங் ஹோமில் முகத்தைப் பார்க்காமல் ஊசி ஏற்றிவிட்டு வந்த ஆட்களெல்லாம் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். குடித்துவிட்டு மெஷினில் கையை விட்டவன், "தூக்கம் வந்துட்டுது சிஸ்டர்" என்று சொன்னது. மருமகள் தானாகவே மாத்திரை முழுங்கிவிட்டாள் என்று ஒரு மாமியார் சாதித்தது. வேலை போய்விடும் என்று வலிப்பு நோயை மறைத்த ஒடிசாப் பையன். அத்தனையும் அட்டையாயிற்று. பதினான்கு அட்டை. வகுப்பில் அதற்கு 'சோனியா கேஸ்' என்றே பேர் விழுந்தது. சுலபத்தில் யாரும் தப்ப முடியாது.

ஒரு நாள் மேடத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மைக்கை சோனியாவிடம் நகர்த்தினார். "நீ பேசு இன்னைக்கு."

கேஸ், கன்னத்தில் அடிபட்டு வந்த பெண். கணவன் கட்டிலருகே நின்று, பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று சொல்வான். நர்ஸ் நர்மதா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிற குரல் யாருடையது என்று அவளுக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்திருக்கும். ஒரு நொடி கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வேலையைத் தொடர்ந்தாள்.

காயத்தைத் துடைத்தாள். கணவனாக நடித்த பெண்ணிடம், "சார், கீழ பார்மசில இந்த மருந்த வாங்கினு வந்துடுங்க" என்று சீட்டை நீட்டி வெளியே அனுப்பினாள். அதுவரை யாருக்கும் தோன்றாத வழி. பின் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அவரு வெளிய போய்ட்டாரும்மா. இப்ப இங்க நான் மட்டும்தான். எப்படி அடிபட்டுதுன்னு நீங்களே சொல்லுங்க. அவர கேட்டது போதும். உங்களக் கேக்கறேன்."

பதில் என்ன என்று எழுதியவளே சோனியாதான். மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடம் திரும்பிப் பார்த்தார். நர்மதா அவசரப்படுத்தவில்லை, பொம்மையின் கையைப் பிடித்தபடி காத்திருந்தாள். அவள் கை நடுங்கவில்லை என்பதை சோனியா கண்ணாடி வழியே பார்த்தாள்.

"அடிச்சாரும்மா," என்றாள் சோனியா மைக்கில். "விழல. அடிச்சாரு."

"சரிம்மா. சொன்னீங்களே, அது போதும்," என்றாள் நர்மதா.

அந்தப் பயிற்சிக்கு அவள் வாங்கிய மார்க் இருபத்து நாலு. சோனியா தானே அட்டவணையில் எழுதினாள்.

மூன்றாம் வருடம் முடிந்து, பதிவும் வந்தது. சோனியாவுக்கு சிப்காட்டிலேயே ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, தொழிலாளி ஒருவனைக் கையில் சிவப்புச் சாயம் பூசிப் படுக்க வைத்து, மற்றவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று பழக்குகிறாள். எவன் வந்தாலும் முதலில் பேரைக் கேட்கிறாள். கூட வந்தவனை வெளியே உட்கார வைத்துவிட்டு இன்னொரு தடவை கேட்கிறாள்.

நர்மதா சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். மேற்படிப்பும் படிக்கிறாள். அவளுடைய ஸ்டேட்டஸ் வாட்ஸ்அப்பில் வரும், சோனியா பார்ப்பாள், பார்த்தபின் போனைக் கொஞ்சம் வேகமாகவே கவிழ்த்து வைப்பாள்.

போன ஆடி மாதம் ஒரு நாள் மத்தியானம் நர்மதாவிடமிருந்து போன். படிப்பு முடிந்த இந்த மூன்று வருடத்தில் முதல் தடவை.

"சிஸ்டர், புதுசா வர நர்சுங்களுக்கு நான்தான் சிமுலேஷன் எடுக்கறேன். உங்க அட்டைங்க வேணும். பதினாலும் இருக்குதா?"

சோனியா நலம் விசாரித்தாள். அப்பாவைக் கேட்டாள். அட்டையைத் தேடிப் பார்க்கிறேன் என்றாள். தேட ஒன்றுமில்லை, அவளுடைய மேஜை டிராயரில்தான் இருந்தது. நீ எழுதினதை வைத்து அவள் பேர் வாங்குவாள் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் பதினான்கையும் மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து அனுப்பினாள். நர்சிங் ஹோமில் பார்த்த ஒரு ஆள் விட்டுப்போயிருந்தான் என்று ஞாபகம் வந்தது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பதினைந்து என்று நம்பர் போட்டு எழுத ஆரம்பித்தாள்.